வெளிநாட்டு அதிகாரி உண்மையில் என்ன சொன்னார்? பேப்பரில் வருவதைச் சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

தேர்தல் நெருங்கினால் போதும், நம் ஊர்ச் சண்டைக்கு வெளிநாட்டிலிருந்து சாட்சி வந்துவிடும். "அமெரிக்காவே சொல்லிவிட்டது", "ஜெர்மனி கண்டித்துவிட்டது", "இலங்கை அமைச்சரே ஒப்புக்கொண்டார்" என்று ஒரு தலைப்பு வரும். தர்மபுரி பேருந்து நிலையத்துப் பக்கம் டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததுமே பேச்சு ஆரம்பித்துவிடும், கொஞ்ச நேரத்தில் அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவார்கள். அந்த மனிதர் அப்படித்தான் சொன்னாரா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

உள்ளூர் எம்.எல்.ஏ. பேசியதைத் திரித்துப் போட்டால் மறுநாளே மறுப்பு வந்துவிடும். நார்வேயிலோ பெர்லினிலோ உட்கார்ந்திருப்பவருக்குத் தன் பெயரில் தர்மபுரியில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதே தெரியாது. அதனால்தான் அவர் பெயரில் எதையும் எழுதிவிட முடிகிறது. இதில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வித்தியாசமும் இல்லை. தனக்குச் சாதகமான வெளிநாட்டுக்காரரை எல்லோரும்தான் கூட்டி வருகிறார்கள். ஏமாறுவது பேப்பரை நம்பி ஓட்டுப் போடும் நாம்தான். அதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு நிஜ சம்பவத்தைப் பார்த்துவிடலாம். 2023 மார்ச்சில் நார்வே நோபல் குழுவின் துணைத் தலைவர் ஆஸ்லே டோயே டெல்லி வந்திருந்தார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மோடிதான் மிகப் பெரிய போட்டியாளர் என்று அவர் சொன்னதாக டிவியிலும் இணையத்திலும் செய்தி பறந்தது. சொல்லப்போனால் அவர் பேசியது வேறு விஷயம்: உக்ரைன் போரில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று இந்தியா ரஷ்யாவுக்கு நினைவூட்டியதைப் பாராட்டியிருந்தார். பரிசுப் பேச்சு பரவிய பிறகு அவரே, அது பொய்ச் செய்தி, அந்தப் பதிவில் இருப்பது போன்ற எதையும் தான் சொல்லவில்லை என்று செய்தி நிறுவனத்திடம் மறுத்தார். மறுப்பு வருவதற்குள் செய்தி ஊர் ஊராகச் சுற்றி முடிந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோபல் பரிசுக்கு யார் யாரைப் பரிந்துரைத்தார்கள் என்பதை அந்தக் குழு 50 ஆண்டுகளுக்கு வெளியே விடாது. இந்த ஒரு விதி தெரிந்திருந்தால், துணைத் தலைவரே மேடையில் போட்டியாளர் பெயரைச் சொன்னார் என்ற செய்தியைப் படித்த அந்த நிமிடமே சந்தேகம் வந்திருக்கும்.

சரி, இனி வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: அது உண்மையிலேயே பேப்பரில் வந்ததா?

வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் நியூஸ் கார்டு. மேலே பிரபலமான பத்திரிகையின் லோகோ, நடுவே ஒரு போட்டோ, கீழே இரண்டு வரி. அந்தக் கார்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பத்திரிகையைத் திட்டுவதற்கு முன் அதே தேதி இ-பேப்பரைத் திறந்து அந்தச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரச்சினை பத்திரிகையிடம் இல்லை, கார்டு போட்டவரிடம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. போனில் இ-பேப்பர் பார்க்கச் சந்தா கேட்டால் அங்கே போய் அச்சுப் பிரதியையே பார்க்கலாம். ஒரு விஷயம்: வெளிநாட்டுச் செய்தி எல்லாப் பதிப்பிலும் ஒரே பக்கத்தில் வராது, சென்னைப் பதிப்பில் முதல் பக்கத்தில் இருப்பது நம் பதிப்பில் உள்ளே போயிருக்கும்.

படி 2: தலைப்பை மறைத்துக்கொண்டு படியுங்கள்

சும்மா சொல்லவில்லை, கையால் தலைப்பை மூடிக்கொண்டு செய்தியை மட்டும் படியுங்கள். அப்புறம் ஒரு பேனா எடுத்து, அந்த அதிகாரியின் வாயிலிருந்து வந்த வரி எது, நிருபர் எழுதிய வரி எது என்று பிரித்துக் கோடு போடுங்கள்.

நம் தமிழ்ச் செய்தி நடையில் இது ஆங்கிலப் பேப்பரைவிடக் கஷ்டம். "என்றார்" என்ற ஒரே சொல்லில் மூன்று வாக்கியங்கள் முடியும். நடுவில் எங்கே அவர் பேச்சு நின்றது, எங்கே நிருபரின் விளக்கம் புகுந்தது என்று மேற்கோள் குறி இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாது. உதாரணத்துக்கு இப்படி ஒரு வரியை வைத்துக்கொள்வோம்: "எதிர்க்கட்சிகள் மீது அடக்குமுறை அதிகரித்துவரும் நிலையில், நீதித்துறை சுதந்திரமாகச் செயல்படும் என்று எதிர்பார்ப்பதாக அவர் தெரிவித்தார்." இதில் அடக்குமுறை பற்றிய பகுதி யாருடையது? "நிலையில்" என்று முடியும் பாதி பெரும்பாலும் நிருபருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர் மனதில் பதிவது என்னவோ, வெளிநாட்டுக்காரர் அடக்குமுறை என்று சொன்னார் என்பதுதான்.

வினைச்சொல்லையும் பாருங்கள். தெரிவித்தார், கூறினார், பதிலளித்தார் என்றால் பரவாயில்லை. கண்டித்தார், எச்சரித்தார், ஒப்புக்கொண்டார், சாடினார் என்று இருந்தால் உள்ளே அதற்கேற்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். "கவனத்தில் கொண்டிருக்கிறோம்" என்பதுதான் உள்ளே இருக்கும் மொத்தப் பேச்சு என்றால், தலைப்பில் "கண்டனம்" என்பதற்கு ஆதாரமே இல்லை. "எனக் கூறப்படுகிறது", "எனத் தெரிகிறது", "வட்டாரங்கள் தெரிவித்தன" என்பவற்றுக்குப் பொறுப்பேற்க ஆளே கிடையாது. அவற்றை அதிகாரியின் கணக்கில் எழுதக் கூடாது.

படி 3: அவர் யார், எந்த நாற்காலியிலிருந்து பேசினார்?

2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் சூட்டில் கச்சத்தீவு மறுபடி பெரிய பேச்சானது. 1974, 1976 ஒப்பந்தங்கள் பற்றிப் பழைய ஆவணங்கள் வெளிவந்தன, பிரதமரே பேசினார், பதிலுக்கு திமுக பேசியது. அந்தச் சமயத்தில் ஜீவன் தொண்டமானிடம் ஆங்கில நாளிதழ் ஒன்று கருத்துக் கேட்டது. இந்தியாவிடமிருந்து அதிகாரபூர்வமாக எந்தக் கோரிக்கையும் வரவில்லை, வந்தால் வெளியுறவு அமைச்சகம் பதில் சொல்லும் என்பதுதான் அவர் பதிலின் சாரம். அவர் இலங்கை அமைச்சர்தான், ஆனால் குடிநீர் வழங்கல், தோட்ட உட்கட்டமைப்புத் துறை அமைச்சர். பதில் சொல்ல வேண்டியது வெளியுறவு அமைச்சகம் என்பதை அவரே சொல்லியிருந்தார். அந்த இலாகாவை விட்டுவிட்டு "இலங்கை அரசு பதிலடி" என்று எழுதினால் அவர் சொல்லாத கனம் அதில் ஏறிவிடுகிறது. கொஞ்ச நாளில் வெளியுறவு அமைச்சர் அலி சப்ரி, இது 50 ஆண்டுகளுக்கு முன்பே பேசி முடித்த விஷயம், மறுபடி பேசத் தேவையில்லை என்று சொன்னார். அதுதான் அந்த நாற்காலியின் பேச்சு. இரண்டும் இலங்கை அமைச்சர்கள் சொன்னதுதான், எடை ஒன்றில்லை.

இதேபோல் ஐரோப்பிய நாடாளுமன்றம் வேறு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகம் வேறு. 2023 ஜூலையில் மணிப்பூர் பற்றி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது, இந்திய வெளியுறவு அமைச்சகம் அதைக் கடுமையாக நிராகரித்தது. அந்தத் தீர்மானத்துக்கு அரசியல் மதிப்பு உண்டு, ஆனால் அது 27 நாட்டு அரசுகளின் முடிவு இல்லை. அமெரிக்க எம்.பி. ஒருவர் எக்ஸ் தளத்தில் எழுதியது அமெரிக்க அரசின் நிலைப்பாடு ஆகாது. சென்னையில் இருக்கும் துணைத் தூதர் விழாவில் பாராட்டிப் பேசியதை அந்த நாட்டு அரசின் சான்றிதழ் என்று எழுதுவதும் அதே தப்புதான். நோபல் குழுவில் இருப்பது ஐந்து பேர், அதில் ஒருவர் பேசினால் குழு பேசியது ஆகாது.

பெயருக்குப் பக்கத்தில் பதவி இல்லையென்றால், அல்லது "முன்னாள்" என்ற சொல் செய்தியின் கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்தால், அங்கேயே நின்று யோசியுங்கள்.

படி 4: அவராகச் சொன்னாரா, கேட்டதற்குச் சொன்னாரா?

இதைப் பற்றி நம் பேப்பர்கள் சொல்வதே குறைவு. ஆனால் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது.

2024 மார்ச் 21 இரவு அரவிந்த் கெஜ்ரிவால் கைது செய்யப்பட்டார். மறுநாள் பெர்லினில் வழக்கமான அரசுப் பத்திரிகையாளர் சந்திப்பு. அங்கே கைது பற்றிக் கேள்வி வந்தபோது வெளியுறவு அலுவலகச் செய்தித் தொடர்பாளர் பதில் சொன்னார்: கவனத்தில் கொண்டோம், இந்தியா ஜனநாயக நாடு, நீதித்துறைச் சுதந்திரமும் அடிப்படை ஜனநாயகக் கோட்பாடுகளும் இந்த வழக்கிலும் பின்பற்றப்படும் என்று நம்புகிறோம், எதிர்பார்க்கிறோம். இந்தியா உடனே டெல்லி ஜெர்மன் தூதரகத்தின் துணைத் தலைவரை அழைத்து எதிர்ப்பைத் தெரிவித்தது. அடுத்து அமெரிக்க வெளியுறவுத் துறையும், நியாயமான, வெளிப்படையான, காலத்தோடு நடக்கும் சட்ட நடைமுறையை ஊக்குவிக்கிறோம் என்று சொல்ல, டெல்லியில் அமெரிக்கத் தூதரக அதிகாரியும் அழைக்கப்பட்டார்.

இதை வைத்து ஒரு பக்கம் "உலகமே இந்தியாவைக் கண்டிக்கிறது", இன்னொரு பக்கம் "உள்நாட்டு விவகாரத்தில் அந்நியச் சதி". இரண்டுமே அந்தப் பதிலில் இல்லை. செய்தித் தொடர்பாளரின் வேலையே கேட்ட கேள்விக்கு ஏதாவது சொல்வது. பெர்லினில் அந்தச் சந்திப்பு வாரத்தில் மூன்று நாள் நடக்கும், உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் யாராவது கேட்பார்கள், இவர்கள் முன்கூட்டியே எழுதிவைத்த நாலு வரியைச் சொல்வார்கள். ஓர் அரசு தானாக அறிக்கை வெளியிடுவதும், கேள்விக்குப் பதிலாக நாலு வரி சொல்வதும் ராஜதந்திரத்தில் வேறு வேறு. இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது நியாயமா இல்லையா என்று நாம் விவாதிக்கலாம், அது நம் உரிமை. ஆனால் விவாதம் அவர் சொன்னதன் மேல் நடக்க வேண்டும்.

அதனால் செய்தியில் "செய்தியாளர்களின் கேள்விக்கு" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேள்வி என்ன என்று தேடுங்கள். கேள்வியில் இருந்த குற்றச்சாட்டைப் பதில் சொன்னவர் வாயில் போடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.

படி 5: மூலத்தைத் தேடுங்கள்

பயப்பட வேண்டாம், டவுனுக்குப் போக வேண்டியதில்லை, போன் போதும்.

அதிகாரியின் பெயரையும் ஒரு முக்கியச் சொல்லையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். தமிழில் தேடினால் நம் பேப்பர்கள் எழுதியதே திரும்பத் திரும்ப வரும். அமெரிக்க வெளியுறவுத் துறை, பல நாட்டுத் தூதரகங்கள் கேள்வி-பதிலை எழுத்து வடிவில் இணையத்தில் போடுகின்றன. நம் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் வாராந்திரச் செய்தியாளர் சந்திப்பு முழுதாக இருக்கும். நாடாளுமன்றக் கேள்விகளுக்கு அமைச்சர் கொடுத்த பதில்களும் அங்கேயே இருக்கும், இது பலருக்குத் தெரியாத பொக்கிஷம். இங்கிலீஷ் தடுமாறினால் போனிலேயே மொழிபெயர்த்துப் பாருங்கள், சாரம் புரிய அது போதும். சந்தேகம் வந்த வரியை மட்டும் தெரிந்த டீச்சர் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள்.

வீடியோ என்றால் 30 வினாடித் துண்டை நம்பாதீர்கள், முழு வீடியோவைத் தேடி அந்த இடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலிருந்து பாருங்கள்.

படி 6: எதைக் கழற்றிவிட்டார்கள்?

மூலம் கிடைத்ததும் பேப்பரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பொய்யைச் சேர்ப்பதைவிட உண்மையில் ஒரு துண்டைக் கழற்றுவதுதான் அதிகம்.

2023 ஜூலையில் கொல்கத்தாவில் அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டியிடம் மணிப்பூர் பற்றிக் கேட்டார்கள். மனிதாபிமான அக்கறை என்று பேசிவிட்டு, கேட்டால் உதவத் தயார் என்றும், இது இந்தியாவின் விஷயம் என்பது தங்களுக்குத் தெரியும் என்றும் சொன்னார். காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரியே, உள்நாட்டு விவகாரத்தில் அமெரிக்கத் தூதர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை என்று ஆட்சேபித்தார். சரி, அது அவர் கருத்து. ஆனால் "கேட்டால்" என்ற ஒரு சொல்லையும் "இது இந்தியாவின் விஷயம்" என்ற வரியையும் எடுத்துவிட்டு "மணிப்பூரில் தலையிட அமெரிக்கா தயார்" என்று போட்டால் தூதர் வேறு ஆளாகவே மாறிவிடுகிறார்.

அடுத்து எண்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாத் தப்பும் ஒரே இடத்தில் சேர்ந்த கதை ஒன்று இருக்கிறது.

2025 பிப்ரவரி 16 அன்று, எலான் மஸ்க் முன்னின்று நடத்திய அமெரிக்கச் செலவுக் குறைப்புத் துறை எக்ஸ் தளத்தில் ஒரு பட்டியல் போட்டது. ரத்து செய்த செலவுகளில் "இந்தியாவில் வாக்குப்பதிவை உயர்த்த 2.1 கோடி டாலர்" என்று ஒரு வரி. யாருக்கு, எப்போது, எந்தத் திட்டத்தில் என்று எதுவும் இல்லை. சில நாளில் அதிபர் டிரம்ப், வேறு யாரையோ ஜெயிக்கவைக்க முயன்றார்கள் போலிருக்கிறது என்று மேடையில் ஊகமாகப் பேசினார். அவ்வளவுதான், இங்கே தீப்பிடித்துவிட்டது. பாஜக, இது தேர்தலில் அந்நியத் தலையீடு, பலனடைந்தது யார் என்று கேட்டது. காங்கிரஸ், இத்தனை ஆண்டு நிதி உதவி பற்றி வெள்ளை அறிக்கை வேண்டும் என்றது. டிரம்பின் "போலிருக்கிறது" பல தலைப்புகளில் காணாமல் போனது. அவரே அடுத்தடுத்த பேச்சுகளில் அந்தத் தொகையை மாற்றிச் சொன்னார், ஓரிடத்தில் 1.8 கோடி டாலர் என்றார். எண்ணே ஆடுகிறதே என்று நம் பத்திரிகைகள் நின்று கேட்டிருக்க வேண்டும்.

கேட்ட பத்திரிகையும் உண்டு. பிப்ரவரி 21 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ், அமெரிக்க நிதி ஆவணங்களைப் பார்த்து, அந்த 2.1 கோடி டாலர் 2022-ல் வங்கதேசத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதியது. பிறகு 2025 ஆகஸ்டில் மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சகம் எழுத்து மூலம் பதில் தந்தது: 2014 முதல் 2024 வரையிலான நிதியாண்டுகளில் இந்தியாவில் வாக்குப்பதிவுக்கென்று அப்படி ஒரு தொகையை அமெரிக்க அரசின் உதவி அமைப்பு (யுஎஸ்எய்டு) பெறவோ கொடுக்கவோ இல்லை என்று அமெரிக்கத் தூதரகம் தெரிவித்திருக்கிறது. பிப்ரவரியில் முதல் பக்கம், ஆகஸ்டில் உள்பக்கத்து மூலை. பாலக்கோட்டிலோ அரூரிலோ பிப்ரவரிச் செய்தியைப் படித்துச் சண்டை போட்டவர்களில் எத்தனை பேருக்கு ஆகஸ்ட் பதில் போய்ச் சேர்ந்தது? எனக்கு இதில்தான் உண்மையான கோபம். தப்பு நடப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திருத்தத்தை அதே இடத்தில் அதே அளவில் போடாததைப் பொறுக்க முடியவில்லை.

இந்தக் கதையில் கவனியுங்கள், வெளிநாட்டு அதிகாரியே தப்பாகப் பேசினார். "அவர் சொன்னது இதுதான்" என்று சரியாகப் போட்டால் மட்டும் போதாது. அவருக்கு அது எப்படித் தெரியும், காகிதம் எங்கே என்பதையும் பத்திரிகை கேட்க வேண்டும், வாசகரும் கேட்க வேண்டும்.

படி 7: பத்துப் பேப்பர் பத்துச் சாட்சி இல்லை

"எல்லாப் பேப்பரிலும் வந்திருக்கே" என்பார்கள். செய்தியின் தொடக்கத்தில் பாருங்கள், பிடிஐ, ஏஎன்ஐ, ராய்ட்டர்ஸ் என்று பேப்பர்களுக்குச் செய்தி விற்கும் ஏஜென்சி ஏதாவது ஒன்றின் பெயர் இருக்கும். எல்லாமே ஒரே ஏஜென்சிச் செய்தி என்றால் சாட்சி ஒன்றுதான்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் படிக்கிற குடும்பங்கள் நிறைய. ஒரே வெளிநாட்டு அதிகாரியின் பேச்சை மூன்று மொழிப் பேப்பரும் எப்படிப் போட்டிருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றிலும் பொதுவாக இருக்கிற பகுதி பெரும்பாலும் அவர் பேசியது. ஒன்றில் மட்டும் இருக்கிற காரம் அந்த ஊர் அரசியலுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓசூரில் இருக்கிற பிள்ளைகள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாம்.

படி 8: மறுப்பையும் அதே கண்ணால் பாருங்கள்

மறுத்துவிட்டார் என்றால் விஷயம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூனில் இலங்கை மின்சார வாரியத் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, மன்னார் காற்றாலைத் திட்டத்தை அதானி குழுமத்துக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுத்ததாக அதிபர் தன்னிடம் சொன்னார் என்று நாடாளுமன்றக் குழு முன்னால் பேசினார். அதிபர் கோத்தபய ராஜபக்ச மறுத்தார், இவரும் வாபஸ் வாங்கினார், பிறகு பதவியையும் விட்டார். குற்றச்சாட்டை மட்டும் போட்ட பேப்பரும் முழுசாகச் சொல்லவில்லை, வாபஸை மட்டும் போட்ட பேப்பரும் சொல்லவில்லை. எதை யார் முன்னால் சொன்னார், எப்போது வாபஸ் வாங்கினார், எதனால் என்று சொன்னார் என மூன்றும் சேர்ந்தால்தான் செய்தி.

2019 ஜூலை 22 அன்று டிரம்ப், காஷ்மீரில் மத்தியஸ்தம் செய்ய மோடி தன்னைக் கேட்டார் என்று இம்ரான் கானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். மறுநாள் நாடாளுமன்றத்தில் ஜெய்சங்கர், அப்படி ஒரு கோரிக்கையே வைக்கப்படவில்லை என்றார். இப்படி இரண்டு அரசுகள் நேரெதிராகப் பேசும்போது, நமக்குப் பிடித்த பக்கத்தைத் தலைப்பாக்காமல் இரண்டு பேர் சொன்னதையும் அவரவர் பெயரில் சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் நேர்மை. இன்னொன்று: மறுப்பு வரவில்லை என்பதாலேயே செய்தி உண்மையாகிவிடாது. தர்மபுரிப் பதிப்பில் வந்ததை மறுக்க டோக்கியோவில் யாரும் காத்திருக்கவில்லை.

படி 9: நம் மாவட்டத்து விஷயத்தில் பயிற்சி எடுங்கள்

டோக்கியோ என்றதும் ஒகேனக்கல் ஞாபகம் வராமல் இருக்குமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம், சுமார் 1,928 கோடி ரூபாய், ஜப்பான் கடனில் வந்தது. 2008-ல் அடிக்கல், அதே ஆண்டில் கர்நாடக எதிர்ப்பு, 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. யார் கொண்டுவந்தது, யார் தாமதம் செய்தது என்று திமுக-அதிமுக சண்டை இன்றைக்கும் ஓயவில்லை, அந்தச் சண்டையில் ஜப்பான் அதிகாரிகளும் அவ்வப்போது இழுக்கப்படுவார்கள்.

இந்த மாதிரிக் கடன் எப்படி நகரும் என்று தெரிந்தால் செய்தியை எடைபோடுவது சுலபம். மாநிலம் திட்டம் தயாரிக்கும், மத்திய அரசு வழியாகக் கோரிக்கை போகும், ஜப்பானிய ஆய்வுக் குழு வந்து பார்க்கும், இரு அரசுகளும் குறிப்புப் பரிமாறிக்கொள்ளும், கடைசியில் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும். ஆய்வுக் குழு பென்னாகரம் பக்கம் வந்து நீரேற்று நிலையத்தைப் பார்த்துவிட்டுப் போனதற்கே "ஜப்பான் ஒப்புதல்" என்று தலைப்பு வந்தால், கையெழுத்தாகாத ஒப்பந்தத்தைக் கையெழுத்தானது போலக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். "விவரங்கள் பரிசீலனையில் உள்ளன" என்று அதிகாரி சொன்னதை "மாநில அரசின் அலட்சியத்தால் நிதி நிறுத்தம்" என்று எழுதினாலும் அதே கதைதான். இந்தக் கடனைத் தரும் ஜப்பான் அரசு உதவி நிறுவனமான ஜைக்கா, கடன் ஒப்பந்தம் கையெழுத்தானால் தன் தளத்தில் தேதியோடும் தொகையோடும் அறிவிப்புப் போடும், திட்ட மதிப்பீட்டு அறிக்கைகளும் போடும். பழைய செய்திகளில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 2008 அக்டோபருக்கு முன் இந்தக் கடன் வேலையைச் செய்தது ஜேபிஐசி என்ற வங்கி, அதற்குப் பிறகுதான் அந்த வேலை ஜைக்காவுக்கு வந்தது.

படி 10: சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்

குடும்பக் குழுவில் மாமா ஒரு கார்டு போட்டால் "பொய்" என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதாதீர்கள், சண்டைதான் மிஞ்சும். "மாமா, இதுல அவரு பேசின வரி எதுன்னு தெரியலை, முழுப் பேச்சு கிடைச்சுது, இதைப் பாருங்க" என்று மூலத்தைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விடும், ஆனால் படிக்கிற நாலு பேர் படித்துவிடுவார்கள்.

பேப்பருக்கு எழுதுவது இன்னும் முக்கியம். ஆசிரியர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் ஒவ்வொரு பேப்பரிலும் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கோபப்படாமல், நீட்டாமல் எழுதுங்கள். இப்படி:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் நாளிதழின் (தேதி, பதிப்பு, பக்கம்) இதழில் (தலைப்பு) என்ற செய்தி வந்துள்ளது. அதில் (பெயர், பதவி) கண்டனம் தெரிவித்ததாக உள்ளது. அன்றைய சந்திப்பின் முழுப் பதிவில் அவர் கூறியது: (அப்படியே ஒரு வரி). கண்டனம் என்ற பொருளில் வேறு எதுவும் அதில் இல்லை. பதிவின் நகலை இணைத்துள்ளேன். அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மின்னஞ்சலோடு பதிவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால் டெல்லியில் இருக்கும் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் புகார் செய்யலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும், அதனால் ஆசிரியருக்கு எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். செய்தியின் நறுக்கு, தமிழ்ச் செய்தி என்பதால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், அவர் பதில் தந்திருந்தால் அது, இந்த விஷயத்தில் கோர்ட்டில் வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணைக்க வேண்டும். மன்றத்துக்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். டிவி சேனல்கள் அதன் கீழ் வராது, அவற்றுக்கு முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், செய்தி வந்த சில நாட்களுக்குள்.